குளிரூட்டி ஏன் நின்றது?

சனிக்கிழமை நண்பகல். ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்கண்டார் கட்டடத்தை நோக்கி மகிழுந்துகள் எறும்புகள்போல் ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றுள் ஒன்றில், ஸ்கூடாயிலிருந்து புறப்பட்ட குடும்பம் ஒன்று, சிங்கப்பூரில் வாழும் அத்தையைக் காணச் சென்றுகொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிர்ந்த மகிழுந்து, வரிசையில் நின்ற சில நிமிடங்களில் வெப்பக் காற்றை வீசத் தொடங்கியது. பின்னிருக்கையில் இருந்த பாட்டிக்கு வியர்த்துக் கொட்டியது. அப்பா கண்ணாடிகளை இறக்கினார். சாலை சற்று விலகி, மகிழுந்து வேகமெடுத்ததும் குளிர்காற்று மீண்டும் வந்தது. மறுபடியும் நின்றதும் குளிர்ச்சி மறைந்தது.

1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமே உடையது. ஆயினும், நெரிசல் மிகுந்த நாள்களில் அதைக் கடக்க மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும். வெயிலில் நிற்கும் மகிழுந்தின் உட்புறம், வெளியே உள்ளதைவிட மிக விரைவாகச் சூடேறும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அவ்வெப்பம் ஆபத்தானது.

திங்கட்கிழமை அப்பா பட்டறை ஒன்றுக்குச் சென்று வந்தார். “கம்பிரசர் கெட்டுவிட்டதாம், மாற்ற ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேல் ஆகுமாம்,” என்று கவலையுடன் கூறினார்.

மூன்றாம் படிவத்தில் பயிலும் மகன் சற்று யோசித்தான். “அப்பா, வண்டி ஓடும்போது நன்றாகக் குளிர்கிறதே! நிற்கும்போதுதானே குளிர்ச்சி போகிறது? கம்பிரசர் கெட்டிருந்தால் ஓடும்போதும் குளிராதே?” என்று கேட்டான்.

அவன் கேள்வியின் பொருளை உணர, குளிரூட்டி இயங்கும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். கையில் தடவிய கிருமிநாசினி ஆவியாகும்போது தோல் சில்லென்று ஆகிறது அல்லவா? ஆவியாகும் நீர்மம் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்குக் காரணம். குளிரூட்டியும் அப்படித்தான் செயல்படுகிறது. பல மகிழுந்துகளில் ஆர்-134ஏ என்னும் வாயு பயன்படுகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது பூச்சியத்திற்குக் கீழ் 26 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். கம்பிரசர் அவ்வாயுவை அழுத்துகிறது. அழுத்தப்பட்ட வாயு சூடாகி, மகிழுந்தின் முன்புறமுள்ள கண்டன்சருக்குச் செல்கிறது. அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிட்டு நீர்மமாகிறது. பின்னர், குறுகிய வழியே பாய்ந்து அழுத்தம் குறைந்து, உட்புறமுள்ள ஆவியாக்கியில் மீண்டும் வாயுவாகிறது. அப்போது உள்ளேயிருக்கும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது.

இந்தச் சுழற்சியில் தடை ஏற்படும்போது, கருவிகள் பாழாகாமல் இருக்கக் கம்பிரசர் தானாகவே நிறுத்தப்படுகிறது. அது எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தால், காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

முதலாவது, ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெப்பமானால் கண்டன்சரின் மின்விசிறியைச் சோதிக்க வேண்டும். ஓடும் வண்டியில் எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விக்கும். நிற்கும்போது விசிறி சுழலாவிட்டால், வாயுவின் அழுத்தம் அளவுமீறி உயரும். அழுத்த விசை கம்பிரசரை நிறுத்திவிடும்.

இரண்டாவது, நெடுநேரம் குளிர்ந்தபின் காற்றின் வேகம் குறைந்து, சிறிது நேரம் அணைத்துவைத்தபின் சரியானால், ஆவியாக்கியில் பனி உறைந்திருக்கலாம். தூசு அடைத்த காற்று வடிகட்டியோ பழுதான வெப்ப உணரியோ அதற்குக் காரணமாகலாம்.

மூன்றாவது, கம்பிரசர் சில நொடிகளுக்கு ஒருமுறை ‘டக்’ என்ற ஒலியுடன் இயங்கி இயங்கி நின்றால், வாயு கசிந்து குறைந்திருக்கலாம். கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். மேலும், ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்க வல்லது. எனவே, கசிவு நம் பணத்தோடு சுற்றுச்சூழலையும் பாதிக்கிறது.

அப்பா மகனையும் அழைத்துக்கொண்டு வேறொரு பட்டறைக்குச் சென்றார். அவன் கூறியதைக் கேட்ட பழுதுபார்ப்பவர், “வரிசையில் நின்றபோது இயந்திரச் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியதா, தம்பி?” என்று வினவினார்.

“இல்லை, அண்ணா. நடுவிலேயே இருந்தது.”

“அப்படியானால் ரேடியேட்டர் விசிறி நன்றாக இருக்கிறது. உங்கள் வண்டியில் கண்டன்சருக்குத் தனி விசிறி உண்டு. பார்ப்போம்.”

அவர் இயந்திரத்தை முடுக்கி, குளிரூட்டியை இயக்கினார். இரண்டு விசிறிகளுள் ஒன்று அசையவில்லை. மின்சாரம் வருகிறதா என்று சோதித்தார், வந்தது. விசிறியின் மோட்டார்தான் பழுதாகியிருந்தது. அதை மாற்றியதும், நின்ற இடத்திலேயே மகிழுந்து குளிர்ந்தது. கம்பிரசருக்குக் கேட்கப்பட்ட தொகையில் சிறு பகுதியே செலவாயிற்று.

மாணவர்களே, 1939ஆம் ஆண்டு அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் குளிரூட்டி பொருத்திய மகிழுந்துகளை அறிமுகப்படுத்தியது. அக்குளிரூட்டியை நிறுத்த வேண்டுமானால், இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கம்பிரசரின் வாரைக் கையால் கழற்ற வேண்டும். இன்றைய குளிரூட்டியோ ஆபத்தை உணர்ந்து தானே நின்றுகொள்கிறது. அந்த எச்சரிக்கையின் காரணத்தை அறியாமல் கருவியை மாற்றினால், பணம் போகும், பழுது போகாது.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே அதைத் தீர்க்க முற்பட வேண்டும் என்கிறார் திருவள்ளுவர். மருத்துவருக்குச் சொன்ன அறிவுரை பட்டறைக்கும் பொருந்துகிறது. நீங்கள் இயந்திரத்தைத் தொட வேண்டியதில்லை. விசிறி எந்நேரமும் சுழலலாம், சூடான ரேடியேட்டர் மூடியும் ஆபத்தானது. எப்போது நிற்கிறது, எப்போது மீள்கிறது என்பதைக் குறித்துவைத்துச் சொன்னாலே போதும். அது பழுதுபார்ப்பவருக்குப் பாதி விடையாகும்.

சிந்தித்து விடையளி
1. கம்பிரசர் கெடவில்லை என மகன் ஐயுற்றதற்குக் காரணம் யாது?
2. சூட்டைக் காட்டும் முள்ளைப் பற்றிப் பழுதுபார்ப்பவர் வினவியது ஏன்?
3. உன் வீட்டில் பழுதான கருவி ஒன்றைக் கவனித்து, அதன் அறிகுறிகளைப் பத்தியாக எழுதுக.