சீவகனுக்கு வாய்த்த பெரியோர்

இளமைத் துன்பம் ஒருவனை உரமாக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். சீவகன் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் அவ்வாறு தோன்றவில்லை. தந்தை சச்சந்தன் கட்டியங்காரனால் கொல்லப்பட்ட நாளில், மயிற்பொறியில் தப்பிய விசயை அவனைச் சுடுகாட்டில் ஈன்றாள். இறந்த தன் மகவோடு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் அவனை எடுத்து வளர்த்தான். கற்பித்தவர் அச்சணந்தி. பிறப்பின் உண்மையறிந்து பழிவாங்கத் துடித்த மாணவனை, ஓராண்டு பொறுக்குமாறு கேட்டு வாக்குப் பெற்றவரும் அவரே. அதைக் கேட்க ஒருவர் இல்லாதிருந்தால் சினமே சீவகனுக்கு ஆசானாகியிருக்கும்.

உளவியலறிஞர் எம்மி வெர்னர், ஹவாயின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். வறுமையும் குடும்பக் குலைவும் சூழ்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் செம்மையாகவே வளர்ந்தனர். பெற்றோரோ பாட்டியோ ஆசிரியரோ, விட்டகலாத பெரியவர் ஒருவரேனும் அவர்களுக்கு இருந்தார்.

எண்ணூர்ச் சிறார் 2023 டிசம்பர் ஒரே மாதத்தில் புயல் வெள்ளம், முகத்துவாரத்தில் படிந்த எண்ணெய், நள்ளிரவு அமோனியாக் கசிவு மூன்றையும் கண்டனர். மீனவர் வலைகள் பாழாயின. இதனை 'வினைப்பயன்' என்று கூறி நாம் அப்பால் செல்லலாகாது. வினையைக் கூறிய அறமே சாத்திர தானத்தையும் அபய தானத்தையும் இல்லறத்தார்க்கு விதித்தது. வடசென்னையில் வாழும் நம் குடும்பத்தார், வாரம் ஒரு மாலை ஒரு பிள்ளையின் பாடத்திற்கு ஒதுக்குவதும் சாத்திர தானமே.

பொருள் மிகுதியாக வேண்டுவதில்லை. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றார். அவருக்குக் கேரம் கற்பித்த தந்தை ஆட்டோ ஓட்டுநர்.