எண் விசைகளின் சிறு விளக்கு



சென்ற ஆண்டு என் அக்கா கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பக் கடைசி நாளன்றுதான் கணினி முன் அமர்ந்தாள். அப்பா கடலிலிருந்து திரும்பி, கட்டணத்துக்குப் பணம் தந்ததே அன்று மதியந்தான். அவளுடைய கடவுச்சொல்லின் பின்பாதி எண்கள். மூன்று முறை அடித்தாள். மூன்று முறையும் தவறு என்று வந்தது. பிறகு கணக்கே அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. அம்மா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்கள்.

உண்மையில் கடவுச்சொல் சரியே. விசைப்பலகையில் ‘நம்லாக்’ என்னும் சிறு விளக்கு எரியவில்லை. ஆகையால் வலப்புறத்து விசைகளில் அவள் அடித்த எண் ஒன்றுகூடப் பதியவில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு விண்ணப்பம் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அன்று நான் அறிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியின் விசைப்பலகையில் 83 விசைகளே இருந்தன. இடம் போதாமையால் எண் விசைகளுக்கு இரட்டை வேலை தந்தார்கள். நம்லாக் எரிந்தால் 4 என்பது எண். அணைந்தால் இடப்பக்க அம்பு. 8 மேலே செல்லும், 2 கீழே இறங்கும். 1986-இல் வந்த 101 விசைப் பலகையில் அம்புகளுக்குத் தனி இடம் கிடைத்தது. ஆனாலும் பழைய இரட்டை வேலை நீங்கவில்லை.

அப்படியானால் எல்லாக் கணினியிலும் விளக்கை எரியவிட்டே வைக்கலாமே என்று கேட்பீர்கள். எண் பகுதி தனியாக இல்லாத சில மடிக்கணினிகளில் நம்லாக் எரிந்தால், ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகிவிடும்! எனவே தனி எண் பகுதி உள்ள கணினிக்கே இம்மாற்றம் ஏற்றது.

கணினி விழிக்கும்போது இந்த விளக்குக்கு இருவர் கட்டளையிடுகிறார்கள். முதலில் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரல். அடுத்து விண்டோஸ் அல்லது லினக்ஸ். பின்னால் வருபவரின் சொல்லே நிற்கும். பயாஸில் ‘பூட்டப் நம்லாக்’ என்ற இடத்தில் ‘ஆன்’ என்று வைத்தும் விளக்கு அணைந்தால், காரணம் இதுவே.

விண்டோஸில் எளிய வழி ஒன்று உண்டு. கடவுச்சொல் கேட்கும் திரையில் நம்லாக்கை அழுத்தி விளக்கை எரியவிடுங்கள். உள்ளே நுழையாமல், அத்திரையிலேயே உள்ள மின்குறியைத் தொட்டு ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பெரும்பாலும் அடுத்த முறை விளக்கு தானே எரியும். டெபியன் வகை லினக்ஸில் ‘நம்லாக்எக்ஸ்’ என்ற சிறு நிரலை நிறுவலாம். சென்னையில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. பள்ளிக் கணினியில் எதையும் மாற்றுமுன் சிஸ்டரிடம் அனுமதி பெறுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கடவுச்சொல் அடிக்கையில் திரையில் தோன்றும் புள்ளிகளை எண்ணுங்கள். பத்து எழுத்துக்கு ஆறு புள்ளிதான் என்றால், தவறு உங்கள் நினைவில் இல்லை, விளக்கில் இருக்கிறது. அக்கா அன்று புள்ளிகளை எண்ணியிருந்தால் முதல் முறையிலேயே தெரிந்திருக்கும். இப்போது கல்லூரியில் படிக்கும் அவள், கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தச் சிறு விளக்கைத்தான்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கிளிஞ்சல்மேடு