தகடூர் நாட்டிற் பொதுச் சுகாதாரம்: குறிக்கோளும் செயலும்

தருமபுரி என இக்காலத்தார் வழங்கும் ஊரே பழந்தமிழ் நூல்களிற் கூறப்படும் தகடூர் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததொன்று. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுங்காலம் வாழச்செய்யும் அரிய நெல்லிக்கனியொன்றைப் பெற்றுத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான் என்னும் செய்தியைப் பள்ளிச் சிறாரும் கூறுவர். கனி ஒன்றே, அதனைப் பெற்றாரும் ஒருவரே. அவ்வள்ளலின் ஈகை என்றும் போற்றத்தக்கதே. ஆயினும், அந்நாளில் அந்நாட்டுக் குடிசைகளிற் பிறந்து பெயரிடப்படுமுன்னே மாண்ட மகவுகள் எத்துணை என்று எண்ணிவைத்த ஏடு ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. ஒரு தேயத்திற் பிறக்கும் ஒவ்வோருயிர்க்கும் ஆயுளை நாடுவதும், இத்தனை ஆண்டுகளுக்குள் இத்துணை மரணம் குறைதல் வேண்டும் என்று முன்னரே வரையறுத்து அதன்பொருட்டு உழைப்பதும் மிகப் பிற்காலத்து வழக்கமாம். அவ்வழக்கம் நம் தேயத்தில் எங்ஙனம் தோன்றியது என்பதனையும், அது தகடூர் நாட்டை அடைந்தபோது யாது நிகழ்ந்தது என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் இந்தியாவில் முன்னின்றது நம் சென்னை மாகாணமே. அச்சட்டம் 1939ஆம் ஆண்டிற் பிறந்தது. பின்னர் 1943இல் ஸர் ஜோஸப் போர் என்பாரின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்று, 1946இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1937ஆம் ஆண்டிற் பிரிட்டிஷ் இந்தியாவிற் பிறந்த ஆயிரம் மகவுகளுள் 162 ஓராண்டு நிறையுமுன் இறந்தன என்பது அவ்வறிக்கை காட்டும் கணக்கு. ஊர்தோறும் வைத்திய உதவி சென்றடைய வேண்டும் என்னும் கருத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் ஏற்பாட்டை அக்குழுவே வகுத்தது. 1978இல் அல்மா ஆட்டாவிற் கூடிய உலக மகாநாடு, 2000ஆம் ஆண்டிற்குள் யாவர்க்கும் நல்வாழ்வு என்னும் நோக்கத்தை அறிவித்தது. அதனைத் தழுவி நம் இந்திய அரசாங்கம் 1983இல் முதல் தேசிய சுகாதாரக் கொள்கையை வெளியிட்டுப் பல நோக்கங்களுக்கு எண்ணும் ஆண்டும் குறித்தது.

அவற்றுள் சிசு மரணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டிற்குள் ஆயிரத்துக்கு 60க்குக் கீழாகக் குறைதல் வேண்டும் என்றனர்; அவ்வாண்டில் இருந்தது 68. மீண்டும் 2002ஆம் ஆண்டுக் கொள்கையில் 2010க்குள் 30 என்றனர். அவ்வாண்டில் இருந்தது 47. மூன்றாவதாக 2017இல், 2019க்குள் 28 என்றனர். 28ஐ எட்டியது 2020இல். மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் பிந்தி வரும் மாணவனை நம் ஆசிரியர் எங்ஙனம் நடத்துவர் என்பதனை இம்மலரைப் படிப்போர் அறிவர்! ஆயினும் 162 எங்கே, 28 எங்கே? குறித்த நாளிற் சேராவிடினும், நாள் குறித்தமையாலேயே நடை விரைவுற்றது என்பது எமது துணிபு. தமிழ்நாடு இவ்வகையில் முந்திற்று; 2000இல் 51ஆக இருந்த இம்மாநிலத்துச் சிசு மரணம் 2020இல் 13ஆயிற்று.

இனி, இவ்வெண்கள் யாவும் சராசரி என்பதனை மறத்தலாகாது. நூறு ஆடுகளுள் ஒன்று காணாமற்போக, தொண்ணூற்றொன்பதையும் விட்டு அவ்வொன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் பற்றி நம் ஆண்டவர் உரைத்த உவமையை நினைமின். சராசரியை மட்டும் நோக்குவான் ஒருவன், மந்தையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது உள என்று எழுதிவிட்டு நிம்மதியாய் உறங்குவான். தில்லியிலிருந்து புறப்படும் ஓரெண் மாநிலத்துக்கும், மாவட்டத்துக்கும், ஈற்றில் ஒரு கிராம சுகாதாரச் செவிலியின் கைப்பதிவேட்டுக்கும் இறங்கிவருங்கால், அது எண்ணாக இராமல் இன்னார் மகவு, இன்ன நாளில், இன்ன காரணத்தால் என மாறுதல் வேண்டும். மாறாதவிடத்து அக்குறிக்கோள் ஏட்டுச் சுரைக்காயே. தகடூர் நாடு இவ்வுண்மையை மிகக் கொடிய முறையில் நமக்கு அறிவித்தது.

இயற்கையில், பிறந்த முதல் வாரத்தில் ஆண்மகவுகளே பெண்மகவுகளினும் சற்று மிகுதியாக இறக்கும். இஃது உலகெங்கும் மருத்துவர் கண்ட உண்மை. அங்ஙனமிருக்க, ஒரு மாவட்டத்தின் பதிவேடுகளில் அம்முதல் வாரத்திற் பெண்மகவுகளே மிகுதியாக மாண்டிருப்பின், அதற்கு நோயைக் காரணமாகக் கூறல் இயலாது. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிற் பேணப்பட்ட 1995ஆம் ஆண்டுப் பதிவுகளை ஷீலா ராணி சுங்கத் என்னும் ஆட்சிப்பணி அலுவலரும், வெங்கடேஷ் ஆத்ரேயா என்னும் பொருளாதாரப் பேராசிரியரும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். மதுரைப் பக்கத்திலிருந்து சேலம் வழியாகத் தருமபுரி வரை ஒரு வளையம்போலப் பெண்சிசுக் கொலை பரந்திருத்தலை அவ்வாராய்ச்சி புலப்படுத்தியது. அப்பதிவேடுகளில் இத்தகைய மரணங்களுக்கு எழுதப்பட்டிருந்த காரணம் யாதெனின், ‘சமூகக் காரணங்கள்’ என்னும் இரண்டு சொற்களேயாம். அச்சொற்களை எழுதியோர் உண்மையை மறைத்தார் என்று சினத்தல் எளிது. யாம் அங்ஙனம் கருதவில்லை. வெளிப்படக் கூறின் தாயைச் சிறைக்கனுப்பவும், கூறாதொழியின் நோய்மேற் பழிபோடவும் நேரும் நிலையில், எண்ணாவது அழியாதிருக்க வேண்டுமென்று அச்செவிலியர் ஒரு மரூஉப்பெயரைப் பதிந்துவைத்தனர். அம்மரூஉவே பின்னர்ச் சான்றாயிற்று.

ஆண் பெண் என்று பிரிக்காமற் சிசு மரணத்தை ஓரெண்ணாகவே கொண்டிருந்த நாளெல்லாம் தடுப்பூசியும் சத்துணவும் மிகுந்தால் அவ்வெண் தானே குறையும் என்று எண்ணியிருந்தனர். பிரித்துப் பார்த்தபின்னரோ, எந்த ஊசியும் அணுகவொண்ணாத ஒரு பகுதி அதனுள் அடங்கியிருந்தமை வெளியாயிற்று. முதற்பெண் பெரும்பாலும் பிழைத்தாள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறந்தவளுக்கே இடர். ஏன்? வரதட்சிணையும் சீரும் செய்து ஒருத்தியைக் கரையேற்றலாம், இருவரை எங்ஙனம் ஏற்றுவது என்பதே அவ்வீட்டார் கூறிய கணக்கு. நோயையும் நோயின் மூலத்தையும் ஆராய்ந்தே மருந்து செய்தல் வேண்டும் என்று வள்ளுவர் மருந்ததிகாரத்தில் விதித்தார். ஈண்டு நோயின் மூலம் உடம்பில் இல்லை. திருமணப் பந்தலில் இருந்தது.

இதனைக் களைய இருவழிகள் கையாளப்பட்டன. ஒன்று தொட்டிற் குழந்தைத் திட்டம். 1992இல் சேலத்தில் தொடங்கிய அத்திட்டம் 2001இல் தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும் விரிக்கப்பட்டது. வேண்டாத பெண்மகவைக் கொல்லாது அரசாங்கத் தொட்டிலில் இட்டுச் செல்லலாம் என்பது அதன் கருத்து. உயிரைக் காத்தலில் அஃது உதவிற்று என்பதனை மறுப்பாரில்லை. எனினும், பெண் வேண்டாதவள் என்னும் எண்ணத்தை அத்தொட்டில் அசைக்கவில்லை. வேண்டாதவளை வைத்தற்கு ஓரிடம் காட்டிற்று, அவ்வளவே. மற்றொரு வழி 1997 முதல் 1999 வரை தருமபுரியில் டென்மார்க்கு நாட்டு உதவியோடு நடைபெற்ற சுகாதாரத் திட்டத்தின் சார்பில் எழுந்த கலைப்பயணம். பாட்டும் கூத்தும் வல்ல குழுவினர் ஊர்ஊராகச் சென்று, மந்தையிலும் கோயில் திடலிலும் இக்கொடுமையை நாடகமாக நடித்துக்காட்டினர். சுவரொட்டியும் சொற்பொழிவும் செய்யாத வேலையைத் தெருக்கூத்து செய்யும் என்பதனை, கூத்தைக் கண்டு வளர்ந்த இந்நாட்டார்க்கு யாம் எடுத்துரைத்தல் மிகை. ஒவ்வொரு வீட்டினுள்ளும் மறைவாய் இருந்த பேச்சு இதனால் ஊர் நடுவே வந்தது.

பயன் யாதெனின், குடிக்கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவருக்குத் தருமபுரியிற் பெண்குழந்தைகள் 2001இல் 826 பேர். 2011இல் 913 பேர். மாநிலம் முழுவதற்கும் 2011இல் 943. ஏற்றம் பெரிதே, இன்னும் குறை உளது என்பதும் தெளிவு. ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். பிறந்தபின் கொல்லுதல் குறைந்து, கருவிலேயே பெண்ணென்றறிந்து கலைத்தல் மிகுமாயின், சிசு மரணப் பட்டியல் மிக அழகாகக் காட்சி தரும். ஏனெனில் பிறவாதவளை இறந்தாள் என எவரும் எழுதார். கருவின் பாலை அறிவித்தலைத் தடுக்கும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது இதன்பொருட்டே. ஆதலின் சிசு மரணம் என்னும் எண்ணை, பிறப்பில் ஆண் பெண் விகிதம் என்னும் மற்றோரெண்ணோடு சேர்த்தே படித்தல் வேண்டும். தனியே படிப்பார் ஏமாறுவர்.

மேற்கூறியது பதிவேட்டில் இருந்த எண்ணைப் பிரித்தறிந்த வரலாறு. பதிவேடே செல்லாதவிடத்துக்குச் சென்று எண்ணியவர் வரலாறும் இம்மாவட்டத்திலேயே உளது. சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்டிலிங்கி என்னும் பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கின்றது. மலையாளி என்னும் மலைவாழ் குடியினரும் லம்பாடியரும் அங்கு வாழ்கின்றனர். 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்னும் தம்பதியர் அங்குக் குடியேறினர். கேரளத்தில் மருத்துவம் பயின்று காந்திகிராமத்து மருத்துவமனையிற் பணியாற்றியவர் அவர். அவ்வூரார் கட்டித்தந்த குடிசையே அவர்தம் முதல் மருத்துவமனை. ஊர்களிற் கணக்கெடுத்தபோது, ஆயிரத்துக்கு 150 அளவில் மகவுகள் ஓராண்டுக்குள் இறத்தல் கண்டனர். அஃதாவது, போர் குழுவினர் 1937க்குக் கூறிய நிலையிலேயே அப்பள்ளத்தாக்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றது!

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் மருத்துவப் பணி தொடங்கிய வரலாறு நம்போன்ற கல்லூரிகளிற் பன்முறை சொல்லப்பெறுவது. அவர் இளமையில், ஒரே இரவில் மூன்று இளந்தாய்மார், ஆண் மருத்துவர் தம்மைத் தொடலாகாதென்னும் வழக்கத்தால் உதவியின்றி மாண்டனர். அங்கு மருத்துவர் அண்மையில் இருந்தார். வழக்கம் குறுக்கே நின்றது. சிட்டிலிங்கியிற் குறுக்கே நின்றது தொலைவு. மலைசூழ்ந்த பாதையிற் பெருமருத்துவமனைக்கு நோயாளியைக் கொண்டுசேர்த்தல் நெடும்பயணம். ஆகவே அத்தம்பதியர் அவ்வூர்ப் பெண்களையே பயிற்றுவித்தனர். பள்ளிப்படிப்பை இடையில் விட்ட இளம்பெண்கள் செவிலியராயினர், மகப்பேறும் பார்த்தனர், அறுவைச் சிகிச்சையிலும் உடனின்றனர். ஊரார் தேர்ந்தெடுத்த முதுபெண்டிர் சிற்றூர்களிற் சுகாதாரத் துணைவியராய்க் கருவுற்றாரையும் பச்சிளங்குழவிகளையும் கண்காணித்தனர். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், மூச்சுத்திணறலை முன்னறிதல், பிறந்த மகவைத் துணியிற் பொதிந்து சூடு காத்தல் ஆகிய இவை பெரும்பொருள் வேண்டாதவை. அறிந்தார் ஒருவர் அண்மையில் இருத்தலே வேண்டுவது. சிட்டிலிங்கியின் சிசு மரணம் காலப்போக்கில் ஆயிரத்துக்கு 20 அளவிற்கு இறங்கிற்று. பின்னர் அவர்தம் முயற்சி சிறுதானிய வேளாண்மைக்கும் லம்பாடிப் பெண்டிரின் பூத்தையலுக்கும் பரந்தது. மருத்துவர் உழவிற் புகுவதேன் என்பார்க்கு, உணவே முதல் மருந்து என்பதன்றி வேறு விடை கூறவேண்டுவதில்லை.

இறப்பை மட்டும் எண்ணுவதால் விடுபடும் துன்பம் ஒன்று தருமபுரிக்கே உரியதாய் உளது. இந்நாட்டின் கற்பாறை நிலத்தடி நீரிற் புளோரைடு என்னும் உப்பு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்னும் வரம்பை அது கடப்பின், வளரும் சிறார் பற்கள் மஞ்சளும் பழுப்புமாய்க் கறைபடும். நெடுங்காலம் பருகினார்க்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போம். இதனால் எவரும் விரைந்து மாள்வதில்லை. ஆதலின் எந்த மரணப் பட்டியலிலும் இஃது இடம்பெறாது. 2008-09இலேதான் இதற்கெனத் தேசியத் திட்டம் பிறந்தது. காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவுற்று 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது. இறுகிய எலும்பை எந்த நீரும் நெகிழ்த்தாது. பற்களின் செய்தி வேறு. நிலைப்பற்கள் ஈற்றினுள் உருவாகும் முதல் எட்டாண்டுகளிற் பருகிய நீரின் தன்மையை அவை பின்னர்க் காட்டிவிடும். 2013க்குப் பின் பிறந்த குழந்தைகள் இப்போது பள்ளிகளிற் பயில்கின்றனர். காவிரி நீர் தடையின்றி வந்த ஊர்ச் சிறார் பற்களையும், ஆழ்துளைக் கிணற்றையே இன்னும் நாடும் வீட்டுச் சிறார் பற்களையும் பள்ளிதோறும் ஒப்புநோக்கி எழுதிவைத்தல் வேண்டும். அதற்குச் செலவாவது ஒரு கைவிளக்கும் ஒரு குறிப்பேடுமே.