குவார்ட்டரை விட்டார், பீருக்கு வந்தார்

கேள்வி: ஐயா, என் கணவருக்கு வயது 47. லாரி புக்கிங் ஆபீசில் வேலை. பத்து வருடமாக ராத்திரியில் ஒரு குவார்ட்டர் பிராந்தி பழக்கம். கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் எச்சரித்ததும், “ஹாட்டை விட்டுட்டேன், இனிமே பீர் மட்டும்தான்” என்று சத்தியம் செய்தார். சொன்னபடி பிராந்தியைத் தொடுவதில்லை. ஆனால் தினமும் இரண்டு பெரிய பாட்டில் பீர் காலியாகிறது. கேட்டால், “இது பார்லித் தண்ணி மாதிரி. சூட்டைத் தணிக்கும், கிட்னியைக் கழுவி விடும்” என்கிறார். பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்றும் பீரில் 8 சதவீதம் என்றும் போட்டிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையே, அவர் சொல்வது சரிதானோ? இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: சகோதரி, பாட்டிலைத் திருப்பிப் படித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீதி ஒரு பெருக்கல் கணக்கு. முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு பீர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் தொடங்கி, எரிசாராய ஆலையில் ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று.

பீரில் பார்லி இருப்பது நிஜம்தான். குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி காய்ச்சியிருப்பீர்கள். சாதாரணக் கஞ்சியைவிட அது நீர்த்து இருக்கும், லேசாக இனிக்கும். முளைவிடும் தானியம் தன்னிடமுள்ள மாவைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம். பீர் ஆலையிலும் அதேதான். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி 65 டிகிரி சூட்டு வெந்நீரில் ஒரு மணி நேரம் போல வைத்தால் பானகம் மாதிரி இனிப்பான சாறு இறங்கும். நான் சேர்ந்த முதல் வாரம் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார்கள். அந்த நிமிஷம் வரைக்கும் உங்கள் கணவர் சொல்வது சரி, அது வெறும் பார்லித் தண்ணீர்தான். பிறகு ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டை விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டைக் கழிக்கும்: ஒன்று நுரைக்கும் வாயு, மற்றது ஆல்கஹால்.

இந்த ஈஸ்ட்டுக்கு ஓர் எல்லை உண்டு. தான் கழித்த ஆல்கஹாலே சுற்றிலும் ஏறஏற அது சோர்ந்து போகும். சுமார் 15 சதவீதம் வந்தால் பெரும்பாலான ஈஸ்ட் செத்துவிடும். கள், பீர், ஒயின் எல்லாம் இந்த எல்லைக்கு இந்தப் பக்கம். எத்தனை நாள் ஊறப்போட்டாலும் ஊறல் தானாகப் பிராந்தி ஆகாது.

எல்லையைத் தாண்ட வேண்டுமானால் அடுப்பேற்ற வேண்டும். சித்த வைத்தியர்கள் இதை வாலையில் வடித்தல் என்பார்கள். உலை கொதிக்கும்போது மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் கோக்கிறதல்லவா, அதே சங்கதி. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஆல்கஹால் 78-லேயே. ஊறலைச் சூடாக்கினால் ஆவியில் ஆல்கஹால் முந்திக்கொண்டு வரும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். ஸ்காட்லாந்தின் மால்ட் விஸ்கிக்கு, ஹாப்ஸ் போடாத ஒருவகைப் பீரைத்தான் செப்புக் கலத்தில் இரண்டு முறை வடிக்கிறார்கள். 8 சதவீதம் 70 ஆகிவிடும். இலங்கையில் தென்னங்கள்ளை வடித்துச் சாராயம் எடுப்பதும் இதே முறைதான். இன்றைய ஆலைகளில் உயரமான தூண் மாதிரிக் கலம் நிற்கும். ஓயாமல் வடித்து 96 சதவீதம் வரை ஏற்றும். 1830-இல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் ஏனியாஸ் காஃபி என்ற ஐரிஷ்காரர். கள்ளச் சாராயம் பிடிக்கும் கலால் அதிகாரியாக இருந்தவர்! சுமார் 97-ஐத் தொட்டதும் தண்ணீரும் ஆல்கஹாலும் சேர்ந்தே ஆவியாவதால் அதற்கு மேல் வெறும் கொதிப்பால் பிரிக்க முடியாது.

சர்க்கரை, புரதம், உப்பு, நிறம் எல்லாம் கலத்திலேயே தங்கிவிடும். வடித்து வருவது தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். நம் ஊர் பிராந்தி, விஸ்கி பலவற்றுக்கும் அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த இந்தத் தெளிந்த சாராயம்தான். அதன் பொன்னிறம் மரப்பீப்பாயில் வந்திருக்கலாம். பெரும்பாலும் காய்ச்சிய சர்க்கரையில் வந்தது. கடைசியில் தண்ணீர் விட்டு 42.8-க்கு இறக்குவார்கள். அது வெள்ளைக்காரன் காலத்து ‘புரூப்’ கணக்கு: அவர்களுடைய முழு புரூப் 57.1 சதவீதம், அதில் முக்கால் பங்கு 42.8.

இப்போது பெருக்கல். சதவீதத்தோடு நின்றுவிட்டீர்கள், அளவைச் சேர்க்கவில்லை. குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. பெரிய பீர் பாட்டில் 650 மில்லி. 8 சதவீதம் என்றால் 52 மில்லி. 60 மில்லி பெக் இரண்டு ஊற்றினாலும் ஏறக்குறைய இதே 52-தான். உங்கள் வீட்டில் பாட்டில் இரண்டு, ஆக 104 மில்லி. ‘ஹாட்’டை விட்டதிலிருந்து உங்கள் கணவர் முன்பைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் குடிக்கிறார். ஸ்டிராங் பீர் லேபிளில் 8 என்பது உச்சவரம்பு, உள்ளே 7 இருக்கலாம் என்று அவர் வாதாடினால் விட்டுக் கொடுங்கள். அப்போதும் 91 மில்லி வருகிறது.

கல்லீரல் லேபிள் படிப்பதில்லை. பீரில் வந்த ஆல்கஹாலும் பிராந்தியில் வந்த ஆல்கஹாலும் ஒரே பொருள். சுமாராக மணிக்கு 8 கிராம்தான் அதனால் எரிக்க முடியும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 104 மில்லியின் எடை 82 கிராம். ராத்திரி பத்து மணிக்குக் குடித்து முடிப்பவர் காலை ஏழரைக்கு வண்டியை எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் ஓடலாம். போலீஸ் ஊதச் சொன்னால் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான்.

கிட்னியைக் கழுவுகிற கதைக்கு வருகிறேன். சிறுநீர் அதிகம் போவது வாஸ்தவம். உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும் ஹார்மோனை ஆல்கஹால் அமுக்கிவிடுகிறது. உடம்பு வறள்கிறது, அவ்வளவுதான். கல்லைக் கரைக்கும் சரக்கு பீரில் எதுவும் இல்லை. யூரிக் அமிலத்தைக் கூட்டும் பியூரின் மட்டும் உண்டு. பிராந்தியில் அது வடியாமல் கலத்திலேயே நின்றுவிடும். கால் கட்டைவிரல் வீங்கித் துடிக்கும் கவுட் வலி இருப்பவருக்குப் பீர் பிராந்தியைவிடக் கெடுதல். இதற்காகப் பிராந்தி நல்லது என்று அவர் திரும்பிவிடப் போகிறார், ஜாக்கிரதை. ‘பாதுகாப்பான அளவு’ என்று ஆல்கஹாலுக்கு ஒன்று கிடையாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

வீட்டுக்குக் கூல்டிரிங்ஸ் பாட்டில் மாதிரி சகஜமாக வந்து உட்காருவதில்தான் பீரின் ஆபத்து என்பது என் அபிப்பிராயம். பிராந்தியை மறைத்துக் குடித்தவர் இதை ஹாலில் வைத்துக் குடிப்பார்.

ஒரு முக்கிய விஷயம். பத்து வருடம் தினமும் குடித்தவரை நாளைக்கே நிறுத்தச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். போகத் தயங்கினால் முதலில் 14416-க்குப் போன் செய்து பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு காலி பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்பார். “பீர் மட்டும்தான் சார்” என்று உங்கள் கணவர் ஆரம்பிக்கும் முன், தினமும் 104 மில்லி சுத்த ஆல்கஹால் என்று நீங்கள் சொல்லிவிடுங்கள்.