குப்பையில் கிடக்கும் குன்றிமணிகள்
(பழைய தபால் தலைத் தொகுப்புகளைப் பற்றி ஒரு பாடம்)



தபால் தலை சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு என்று பலமுறை கேட்டிருப்பீர்கள். ஆயினும், "அதெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்றோ, "எங்களுக்கு வெளிநாட்டில் மாமா, சித்தப்பா யாரும் இல்லையே" என்றோ பலர் விலகி நின்றுவிடுகிறீர்கள். இவ்விரண்டும் சரியான காரணங்கள் அல்ல. மிகக் குறைந்த செலவில் மிக அதிகமாகக் கற்க இத்துறையில் ஒரு வழி உண்டு. பிறர் சேர்த்து, பின்னர் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய தொகுப்புகளைத் தேடிப் பெறுவதே அவ்வழி. அவற்றை எங்கே தேடுவது, எப்படிப் படிப்பது, எவ்வாறு நேர்மையாக வாங்குவது, எப்படிப் பேணுவது என்பவற்றை இங்கே காண்போம்.

ஏன் மலிவு?

சாதாரணத் தபால் தலைகள் கோடிக்கணக்கில் அச்சாகின்றன. ஒரு பழைய ஆல்பம் வணிகரிடம் வந்தால், அவர் ஒவ்வொன்றையும் பிரித்து, நாடு கண்டு, ஆண்டு கண்டு, கிழிசல் பார்த்து, விலை குறிக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரம் அத்தலைகளின் மதிப்பைவிட அதிகம். ஆகவே அவர் ஆல்பத்தை மொத்தமாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார். ஸ்டான்லி கிப்பன்ஸ் போன்ற விலைப்பட்டியல்களில் சாதாரணத் தலைக்குப் போட்டிருக்கும் மிகக் குறைந்த விலைகூட, பெரும்பாலும் அதை எடுத்துக் கொடுக்கும் கூலிதான். தலையின் விலை அன்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வணிகருக்குச் சுமையாகத் தோன்றும் அந்தப் பிரித்து அறியும் உழைப்புத்தான் நமக்கு இன்பம். பணம் இல்லாதவருக்கும் விடுமுறை உண்டு; கண்ணும் பொறுமையும் உண்டு. இந்தப் பொழுதுபோக்குக்கு அவையே முதலீடு.

எங்கே தேடுவது?

மதுரைக்கோ சென்னைக்கோ போனால்தான் தபால் தலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். தகரப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் நடுவில், கடிதக் கட்டு ஒன்று இருக்கக்கூடும். அடுத்து உறவினர் வீடுகள். ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் பள்ளிப் பருவத்தில் ஆல்பம் சேர்த்தவர்கள் இன்று தாத்தாக்களாகவும் பாட்டிகளாகவும் இருக்கிறார்கள். அந்த ஆல்பம் பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். கேட்டால் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்கள்.

மூன்றாவது இடம் பழைய பேப்பர் கடை. ராஜபாளையம் பஞ்சுக்கும் நூலுக்கும் பெயர் பெற்ற ஊர். 1936ஆம் ஆண்டு ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் ஆலைத் தொழில் இங்கே வளர்ந்துள்ளது. வணிகம் என்றால் கடிதம். முன்பெல்லாம் கடைகளில் வரும் கார்டுகளையும் கவர்களையும் வளைந்த கம்பியில் குத்தித் தொங்கவிடுவது வழக்கம். நடுவில் துளை விழுந்த ஒரு கார்டு உங்கள் கையில் கிடைத்தால், அது கடைக் கம்பியில் தொங்கியது என்று அறிந்துகொள்ளலாம். இத்தகைய காகிதங்கள் கிலோக் கணக்கில் எடைக்குப் போகின்றன. எடைக்குப் போனதை ஒருவரும் பிரித்துப் பார்க்காவிட்டால், அடுத்து அது காகித ஆலைக்குத்தான் செல்லும். இன்று கடிதப் போக்குவரத்துக் குறைந்து, வரும் கவர்களிலும் தபால் தலைக்குப் பதிலாக அச்சிட்ட சீட்டே பெரும்பாலும் இருப்பதால், பழைய கட்டுகளின் அருமை கூடிவிட்டது.

ஆனால் பழைய பேப்பர் கடைக்குத் தனியே செல்லாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஆல்பத்தைப் படிக்கும் முறை

பழைய ஆல்பம் கிடைத்தவுடன் பலர் செய்வது, நல்லவற்றைப் பிய்த்துத் தம் ஆல்பத்தில் ஒட்டுவது. அது கூடாது. முதலில் அந்த ஆல்பத்தை ஒரு புத்தகத்தைப் போலப் பக்கம் பக்கமாகப் படியுங்கள். சேர்த்தவர் எந்தக் காலத்தவர், எந்த நாட்டோடு தொடர்புள்ளவர் என்பதை அதுவே சொல்லும்.

இந்தியப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். 'அணா' என்று இருந்தால் 1957க்கு முந்தியது. அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று தசம நாணயம் வந்தது. 'நயா பைசா' என்று இருந்தால் 1957க்குப் பின் சில ஆண்டுகளில் வந்தது. 'நயா' என்ற சொல் 1964இல் கைவிடப்பட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை 1947 நவம்பர் 21இல் வெளியாயிற்று. மூன்றரை அணா மதிப்புள்ள அதில் நம் தேசியக் கொடியும் 'ஜெய் ஹிந்த்' என்ற வாசகமும் உள்ளன. 1952இல் வெளியான அடியார்கள், கவிஞர்கள் வரிசையில் கபீர், துளசிதாசர், சூர்தாசர், காலிப், தாகூர் ஆகியோருடன் மீராவும் இடம்பெற்றார். திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் 1960இல் 15 நயா பைசாத் தலைகள் வந்தன. நம் மாவட்டத்து விருதுநகரில் பிறந்த காமராசருக்கு 1976இல் 25 பைசாத் தலை வந்தது. அன்னை தெரசாவுக்கு 1980இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே 30 பைசாத் தலை வந்தது.

பழைய ஆல்பங்களில் அடிக்கடி காணப்படும் ஒரு சிறு தலையைக் கவனியுங்கள். குடும்பநலப் படம் போட்ட ஐந்து பைசாத் தலை. அதன்மேல் 'அகதிகள் நிவாரணம்' என்ற பொருளில் எழுத்துகள் மறுபடி அச்சிடப்பட்டிருக்கும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் பெருந்திரளாக வந்தபோது, அவர்களின் உதவிக்காக ஒவ்வொரு கடிதத்திலும் கூடுதலாக ஐந்து பைசா ஒட்ட வேண்டும் என்று அரசு விதித்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் 1973 மார்ச் வரை அது நடைமுறையில் இருந்தது. சந்தையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. ஆனால் நம் ஊர்க் கடையிலிருந்து கடிதம் போட்ட ஒருவர், முன்பின் அறியாத ஓர் அகதிக்கு ஐந்து பைசா தந்த சாட்சி அது.

இனி நம் மேற்கு எல்லைக்கு வருவோம். ராஜபாளையத்திலிருந்து தென்காசி வழியே சென்றால் வரும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அப்பாலுள்ள அரசோடு சேர்ந்திருந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கென்று தனித் தபால் துறை உண்டு. அதன் பெயர் 'அஞ்சல்'. இன்று நாம் தபாலுக்கு வழங்கும் அதே சொல். 1888 முதல் சங்குச் சின்னம் பொறித்த தலைகளை அது வெளியிட்டது. அவற்றில் ரூபாய், அணா இராது. சக்கரம், காசு என்று இருக்கும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய். 1951இல் அத்துறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அஞ்சல் தலை ஒட்டிய கடிதம் சமஸ்தான எல்லையைத் தாண்டி நம் பக்கம் வராது. ஆகவே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் சங்குத் தலை கிடைத்தால், யாரோ அதை மலைக்கு அப்பாலிருந்து கையோடு கொண்டுவந்தார்கள் என்று ஊகிக்கலாம். யார், எதற்காக என்று அவ்வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கடல் கடந்த உறவுகளும் இப்படியே தெரியவரும். இந்திய மன்னர் தலைமேல் 'பர்மா' என்று அச்சிட்டிருந்தால், அது 1937இல் பர்மா தனியே பிரிக்கப்பட்டபோது வந்தது. 1942இல் ஜப்பானியர் பிடித்த பின் பர்மாவின் தலைகள்மேல் மயில் உருவம் அச்சிடப்பட்டது. இலங்கை, சிங்கப்பூர்த் தலைகளில் நம் தமிழ் எழுத்தையே காணலாம்.

வேற்று மொழிப் பெயர்களைக் கண்டு திகைக்க வேண்டாம். 'ஹெல்வெசியா' என்றால் சுவிட்சர்லாந்து; 'மாகியர்' என்றால் ஹங்கேரி; 'சுவோமி' என்றால் பின்லாந்து; 'நிப்பான்' என்றால் ஜப்பான். நாட்டின் பெயரே இல்லாமல் அரசரின் அல்லது அரசியின் தலை மட்டும் இருந்தால் அது பிரிட்டன். 1840இல் உலகின் முதல் தபால் தலையை வெளியிட்ட நாடு என்பதால் அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது.

பளபளப்பான பெரிய தலைகளில் மயங்கிவிடக் கூடாது. அஜ்மான், ஃபுஜைரா, ஷார்ஜா எனப் பெயர் தாங்கிய அழகிய படத் தலைகள் 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஏராளமாக வந்தன. சேகரிப்பவர்களிடம் விற்பதற்கென்றே அச்சிடப்பட்டவை பல. பின்புறம் கோந்து அப்படியே இருக்க, முன்மூலையில் மட்டும் கச்சிதமாக முத்திரை விழுந்திருந்தால், அது எந்தக் கடிதத்திலும் பயணம் செய்யாத தலை என்று கொள்க. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், விலை கொடுக்க வேண்டாம்.

கவரைக் கிழிக்காதீர்கள்

முழுக் கவர் கிடைத்தால் தலையை வெட்டி எடுக்காதீர்கள். முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். முகவரியில் வரலாறு இருக்கும். நம் ஊர்கள் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவிலும், பின்னர் 1985 வரை ராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தன. ராஜபாளையத்துக்கு 626117 என்றோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 626125 என்றோ பின்கோடு எழுதியிருந்தால் அக்கடிதம் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. தலையை மட்டும் வெட்டினால் இத்தனையும் குப்பைக்குப் போகும். அதே சமயம், கவருக்குள் இருக்கும் கடிதம் பிறருடையது. உரியவர் அனுமதியின்றிப் படிப்பது முறையன்று.

மலிவும் நேர்மையும்

1873ஆம் ஆண்டு, இன்று கயானா எனப்படும் பிரிட்டிஷ் கயானாவில், வெர்னான் வான் என்ற 12 வயதுச் சிறுவன் தன் மாமாவின் காகிதங்களுக்கிடையே 1856இல் வெளியான ஒரு சென்ட் தலை ஒன்றைக் கண்டெடுத்தான். முனை வெட்டுண்டு அழுக்காயிருந்த அதை, இதைவிட நல்லது கிடைக்கும் என்று நம்பி ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். நல்லது கிடைக்கவே இல்லை. உலகில் அறியப்பட்ட ஒரே தலை அதுதான். 2021இல் நியூயார்க் ஏலத்தில் அது 83 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. பிரான்சு நாட்டின் போர்தோ நகரில், 1860களில், திருமதி போர்ஷார் என்ற வணிகரின் மனைவி, கணவருக்கு வந்த கடிதங்களில் மொரீஷியஸ் நாட்டின் 1847ஆம் ஆண்டு 'போஸ்ட் ஆபீஸ்' தலைகளைக் கண்டார். அவையும் இன்று உலகின் அரிய தலைகள்.

இத்தகைய அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்து ஆல்பம் வாங்காதீர்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆல்பங்களில் அப்படி ஒன்றும் இராது. இக்கதைகளில் நாம் கற்க வேண்டியது வேறு. விற்பவர் அறியாததை வாங்குபவர் அறிந்திருக்கும் வேளையில் என்ன செய்வது? வணிகரிடம் பேரம் பேசலாம். விலை அறிவது அவர் தொழில். ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டி, "எடுத்துக்கோ தாயி, சும்மாதானே கிடக்கு" என்று கட்டை நீட்டும்போது, அதில் மதிப்புள்ள தலை இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், "பாட்டி, இது விலை உள்ளது" என்று சொல்லிவிட வேண்டும். அதன் பிறகும் அவர் கொடுத்தால் அது பரிசு. சொல்லாமல் பெற்றால் அது மலிவு அன்று, பறிப்பு.

பேணும் முறை

1. தலையை விரலால் தொடாமல் முனை மழுங்கிய இடுக்கியால் எடுக்கவும். ஓரப் பற்கள் ஒடிந்தால் மதிப்புப் போய்விடும்.
2. காகிதத்தோடு இருக்கும் சாதாரணத் தலைகளைத் தட்டில் குளிர்ந்த நீரில் கால் மணி நேரம் மிதக்க விடவும். தானே கழன்று வரும், உரிக்க வேண்டாம்.
3. மை கரையும் தலைகளையும், நிறக் கவர்களில் உள்ளவற்றையும் மற்றவற்றோடு சேர்த்து நனைக்க வேண்டாம்.
4. வெள்ளைத் துணியிலோ மையொற்றுத் தாளிலோ முகம் கீழாகப் பரப்பி உலர்த்தி, கனமான நூலுக்கடியில் வைக்கவும்.
5. கோந்து, செல்லோடேப் இரண்டும் பகை. மடித்து ஒட்டும் மெல்லிய கீல் தாளையோ, செருகும் ஆல்பத்தையோ பயன்படுத்தவும்.
6. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஆல்பத்தைச் சுவரோரம் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கவும். மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டால் ராமபாணப் பூச்சி அண்டாது.

நமக்கு உதவி

இந்திய அஞ்சல் துறை 2017ஆம் ஆண்டு 'ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. தபால் தலை சேர்ப்பில் ஆர்வமுள்ள 6 முதல் 9ஆம் வகுப்பு வரையான மாணவ, மாணவியருக்கு, வினாடி வினாவும் செயல்திட்டமும் வைத்துத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்குவது அத்திட்டம். விவரங்களை அஞ்சலகத்தில் கேட்டறியலாம். செயல்திட்டத்துக்குப் பொருள் தேடி அலைய வேண்டாம். 2005இல் வெளியான இந்திய நாயினங்கள் வரிசையில் நம் ராஜபாளையம் நாய்க்கும் ஒரு தலை உண்டு. அதிலிருந்தே தொடங்கலாமே!

செய்து பார்க்க

வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரே ஒரு பழைய கடிதத்தைக் கண்டெடுங்கள். அது எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி, எவ்வளவு மதிப்புள்ள தலை, தலையில் யார் அல்லது எது, அதைப் பெற்றவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஐந்து வரிகள் எழுதிக் கவரோடு சேர்த்து வையுங்கள். கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் இன்று வீட்டில் இருக்கிறார். இன்றே அவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.