சால்வேஜ் முத்திரை விழுந்த ஸ்போர்ட்ஸ் கார்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

அமெரிக்காவில் ஒரே மாடல், ஒரே ஆண்டு கார்கள் இரண்டு விற்பனைக்கு வருகின்றன. ஒன்றின் உரிமைப் பத்திரம் முத்திரை விழாத ‘கிளீன் டைட்டில்’. மற்றதில் ‘சால்வேஜ்’ முத்திரை, விலை 20 முதல் 40 சதவீதம் வரை குறைவு. இரண்டாவதை வாங்கலாமா? முத்திரை எதனால் விழுந்தது என்று தெரிந்த பிறகே பதில் சொல்ல முடியும்.

பழுதுச் செலவு காரின் மதிப்பில் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், இன்சூரன்ஸ் நிறுவனம் அதை ‘டோட்டல் லாஸ்’ என்று ஒதுக்கிவிடும், சால்வேஜ் முத்திரையும் விழும். வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 100 சதவீதம், வேறு பல மாநிலங்களில் 75. மதிப்பு சரிந்து கிடந்த காலத்தில் 3,000 டாலர் பெற்ற காருக்கு முத்திரை விழ, 75 சதவீதக் கணக்கில் 2,250 டாலர் செலவே போதும். பம்பர், ஹெட்லைட், பெயின்ட் என்று போனாலே அந்தத் தொகை வந்துவிடும். அதனால் முத்திரை விழுந்த ஆண்டையும் கேளுங்கள்.

காரணத்தை வைத்துப் பார்த்தால்

திருடுபோய்த் திரும்பக் கிடைத்த கார்: சீட், சக்கரம் போன்றவை மட்டும் போயிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

ஆலங்கட்டி மழை: கூரையும் பானெட்டும் நசுங்கியிருக்கும், ஓட்டத்துக்குக் குறையில்லை.

மோதல்: சேஸி அளவுகளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வெள்ளம்: வேண்டவே வேண்டாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருந்தால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று கார்கள்

மாஸ்டா மியாட்டா (1989–97): மூன்றில் எளிதானது. உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும், இன்ஜினும் உறுதியானது. நான்கு சக்கரங்களின் அலைன்மென்ட் அறிக்கையைக் கேளுங்கள். சரிசெய்யும் போல்ட்டை முழுவதும் திருகியும் ஒரு சக்கரம் மட்டும் அளவுக்கு வரவில்லை என்றால், அந்த மூலை வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

போர்ஷே 944 (1982–91): துத்தநாகம் பூசிய பாடி, எளிதில் துருப்பிடிக்காது. ஆனால் மோதலுக்குப் பிறகு வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

கார்வெட் சி3 (1968–82): வெளியே ஃபைபர்கிளாஸ், உள்ளே இரும்புச் சட்டம். மேலே பளபளப்பாக இருக்கும்போதே விண்ட்ஷீல்டைச் சுற்றியும் பின்சக்கரங்களுக்கு முன்னாலும் சட்டம் அரித்துப்போயிருக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. 17 இலக்க வின் எண் (வாகன அடையாள எண்) 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்தைய காரின் வரலாற்றைக் கணினியில் தேடிப் பெறுவது அரிது. சட்டத்தைக் கண்ணால் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

சால்வேஜ் டைட்டிலோடு சாலையில் ஓட்ட முடியாது. பழுது பார்த்து, மாநில ஆய்வில் தேறி ‘ரீபில்ட்’ டைட்டில் வாங்கிய காரையே தேடுங்கள். 1981 அல்லது அதற்குப் பிந்தைய மாடல் என்றால், வின் எண்ணைக் கொடுத்து என்.எம்.வி.டி.ஐ.எஸ். என்ற தேசியப் பதிவேட்டின் அறிக்கையை எடுங்கள். பழுதுக்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் மறைக்க மாட்டார். முழு இன்சூரன்ஸ் தருவார்களா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள், பலர் மறுத்துவிடுவார்கள்.

வாங்கும்போது கிடைத்த தள்ளுபடியை, விற்கும்போது நீங்களும் கொடுத்தாக வேண்டும். ஆகவே லாபம் பார்க்க நினைப்பவர் கிளீன் டைட்டிலுக்கே போகட்டும். ஆண்டுக்கணக்கில் வைத்து ஓட்ட ஆசைப்படுபவருக்கு என் தேர்வு, திருட்டில் மீண்டு ரீபில்ட் டைட்டில் பெற்ற மியாட்டா.