கன்வர்ட்டரை மாற்றச் சொல்கிறார்களா?

சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கார் இழுக்காமல் திணறி, மஞ்சள் என்ஜின் விளக்கும் எரிந்தால், ‘கேட்டலிடிக் கன்வர்ட்டர் போயிடுச்சு’ என்று மெக்கானிக் சொல்லலாம். உடனே தலையாட்டிவிடாதீர்கள். புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் அந்தப் பாகம் சிறிய காருக்கே பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பதால்தான் அந்த விலை.

முதலில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சென்சார் பழுதானாலும், சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் இதே விளக்குதான் எரியும். அவற்றைச் சரிசெய்யச் செலவு மிகக் குறைவு. என்ஜின் ஆறியபின் கன்வர்ட்டரைக் கையால் தட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே உடைந்திருக்கிறது.

ஸ்பார்க் பிளக், காயில் இரண்டையும் கட்டாயம் சோதிக்கவேண்டும். அவை சரியில்லாவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, பீங்கானையே உருக்கிவிடும். அதைக் கவனிக்காமல் புதிது போட்டால் அதுவும் வீண்.

‘உள்ளே இருக்கறத எடுத்துட்டு வெறும் குழாயா விட்டுடலாம்’ என்ற யோசனைக்கு இடமே தராதீர்கள். புகை விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது.

மாற்றியே ஆகவேண்டுமென்றால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள உலோகத்துக்காகவே பழைய கன்வர்ட்டரை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.